உதைப்பைக் குறைக்கும் பாகங்கள் காசுக்குப் பெறுமதியானவையா?

என் அண்ணனின் மகன் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் வேலை பார்க்கிறான். அங்கே 'த்ரீ கன்' என்று அழைக்கப்படும் விளையாட்டுப் போட்டிகளில் அவன் பங்குபற்றுவதுண்டு. ரைபிள், கைத்துப்பாக்கி, ஷொட்கன் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, காகித இலக்குகளையும் இரும்புத் தட்டுகளையும் நேரக்கணக்கில் சுடவேண்டும். குறைந்த நேரத்தில் குறைந்த தவறுகளோடு முடிப்பவர் வெல்வார். அவனிடம் இருப்பது 16 அங்குலக் குழல் கொண்ட ஏஆர்-15 ரைபிள். விசையை ஒரு தரம் அழுத்தினால் ஒரு வெடி மட்டும் தீர்ந்து, அடுத்த தோட்டா தானாகவே அறைக்குள் ஏறும் அரைத் தானியங்கி வகை அது. அதன் உதைப்பைக் குறைப்பதற்காக நான்கு பாகங்களை வாங்க நினைத்திருப்பதாக எழுதி, விலைப் பட்டியலையும் அனுப்பி, "மாமி, நீங்க இவ்வளவு காலமும் பௌதிகவியல் படிப்பிச்ச ஆள்தானே, இதுல எது காசுக்குப் பெறுமதி எண்டு ஒருக்காக் கணக்குப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். நான்கின் விலையும் சேர்ந்து நானூறு டொலரைத் தாண்டியது. நமது காசில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு ரைபிளைப் பற்றி எழுதுவதற்கு எனக்குத் தயக்கம் இருந்தது. அந்த இயந்திரம் இந்த மாவட்டத்தில் என்ன செய்தது என்பதை முப்பது வருடங்கள் பார்த்த தலைமுறை என்னுடையது. ஆனால் அவன் அதைப் பூட்டிய இரும்புப் பெட்டியில் வைத்து, போட்டிக்கு மட்டும் வெளியே எடுப்பவன். கேட்ட கேள்வியும் நேர்மையான கேள்வி. உயர்தர மாணவர்களுக்கு உந்தக் காப்பு விதியைப் படிப்பிக்கும் ஒவ்வொரு வருடமும் துவக்கின் பின்னுதைப்பை உதாரணமாக எடுத்துக் கரும்பலகையில் கணக்குச் செய்தவள் என்ற வகையில், அதற்கு விடை சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு எழுதியதை விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் அந்த ரைபிள் உண்மையில் எவ்வளவு உதைக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். அவன் பயன்படுத்தும் .223 ரெமிங்டன் தோட்டாவில், குழலை விட்டுப் பறந்து போகும் முனையான சன்னத்தின் திணிவு 55 கிரெயின், அதாவது ஏறத்தாழ 3.56 கிராம். அது குழலை விட்டு வெளியேறும் வேகத்தைச் செக்கனுக்கு 960 மீற்றர் என்று கொண்டால், சன்னத்தின் உந்தம், அதாவது திணிவை வேகத்தால் பெருக்கி வருவது, 3.4 நியூட்டன் செக்கன். ஆனால் குழல்வாயிலிருந்து சன்னம் மட்டும் வெளியேறுவதில்லை. எரிந்த வெடிமருந்து முழுவதும் வாயுவாக அதன் பின்னால் பாய்கிறது. அதன் திணிவு 1.6 கிராம் அளவில்தான் என்றாலும், சன்னத்தைவிட வேகமாக, ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் வெளியேறுவதாகக் கொண்டால், 2.3 நியூட்டன் செக்கன் உந்தத்தை அதுவும் கொண்டுபோகிறது. இரண்டையும் கூட்டினால் 5.7. தொலைநோக்கியுடன் 3.6 கிலோகிராம் நிறுக்கும் ரைபிள் இந்த உந்தத்தைப் பின்பக்கமாக ஏற்கும்போது செக்கனுக்கு 1.6 மீற்றர் வேகத்தைப் பெறும். அதன் சக்தி 4.5 யூல்.

இந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது? மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வயல் செய்தவர்களுக்கு யானைக்கும் பன்றிக்கும் காவலாக அனுமதிப்பத்திரத்துடன் வழங்கப்படும் 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) துவக்கை எடுத்துக்கொள்வோம். 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வருடந்தோறும் புதுப்பிக்கவேண்டிய அந்த அனுமதிப்பத்திரத்தை என் தகப்பனாரும் வைத்திருந்தார். 32 கிராம் ஈயச் சிதறல்கள் செக்கனுக்கு 370 மீற்றர் வேகத்தில் போகும் சாதாரண வெடியொன்றுக்கு, அடைப்பானையும் மருந்தையும் சேர்த்தால், உந்தம் 13க்கும் 14க்கும் இடையில் வரும். 3.2 கிலோகிராம் துவக்கில் அது 30 யூல் அளவான உதைப்பாகும். மருமகனின் ரைபிளோடு ஒப்பிட்டால் ஆறு மடங்குக்கும் மேல். அப்பா அந்தத் துவக்கைத் தோளில் வைக்குமுன் சட்டைக்குள் சாரத்துண்டை மடித்து வைப்பார்; அடுத்த நாள் அந்த இடம் கன்றிப்போயிருக்கும். ரைபிளால் மருமகனுக்கு அப்படி எதுவும் நேர்வதில்லை. ஆகவே அவனுடைய பிரச்சினை வலி அன்று. முதல் வெடிக்கும் இரண்டாவது வெடிக்கும் இடையில் தொலைநோக்கியின் சிவப்புப் புள்ளி இலக்கை விட்டு விலகி மீண்டும் வந்து சேரும்வரை அவன் காத்திருக்கவேண்டியிருப்பதுதான் பிரச்சினை. இதைத் தெளிவாக வைத்துக்கொண்டால், வாங்கவேண்டியது எது, வேண்டாதது எது என்பதில் பாதி தெரிந்துவிடும்.

இனி நேரத்தைப் பார்ப்போம். சன்னம் 16 அங்குலக் குழலைக் கடக்க எடுக்கும் நேரம் ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவு. துவக்கினுள் இருக்கும் பாகங்கள் பின்னால் போய், வெற்றுக் கோதை வெளியே எறிந்து, புதிய தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து பூட்டிக்கொள்ள 60 முதல் 90 மில்லிசெக்கன்வரை செல்லும். அதாவது உள்ளே ஏதாவது ஒரு பாகம் எங்காவது மோதும் வேளையில் அந்தச் சன்னம் குழலை விட்டுப் போய்விட்டது. தோளில் பதியும் பிடங்கினுள் இருக்கும் பஃபர் என்ற எடைத்துண்டு, ஸ்பிரிங், வாயுவைக் கட்டுப்படுத்தும் அமைப்பு ஆகியவற்றில் நீங்கள் செய்யும் எந்த மாற்றமும் அந்த வெடியின் குறியை நேராக்காது. அடுத்த வெடிக்கு எவ்வளவு விரைவில் தயாராகலாம் என்பதை மட்டுமே அது பாதிக்கும். மேசையில் சாய்த்து வைத்து, நிதானமாக மூச்சை அடக்கி, ஒவ்வொன்றாகச் சுடுபவருக்கு இந்தப் பாகங்களில் எதுவுமே தேவையில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். வேகமாக இரண்டு வெடிகளை ஒரே இலக்கில் வைக்கவேண்டியவருக்கு மட்டுமே இந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது. மருமகன் அந்த இரண்டாம் வகை.

பட்டியலில் முதலாவது குழல்வாயில் திருகிப் பூட்டும் மசில் பிரேக். நான்கிலும் உதைப்பை உண்மையாகவே குறைப்பது இது ஒன்றுதான். சன்னத்தின் உந்தத்தில் யாரும் கைவைக்க முடியாது. அதை மாற்றவேண்டுமானால் தோட்டாவையே மாற்றவேண்டும். ஆனால் மேலே பார்த்த 5.7இல் 2.3, அதாவது 40 வீதம், வாயுவினுடையது. நேராக முன்னால் பாயவிருந்த அந்த வாயுவைப் பக்கவாட்டுத் துளைகளால் திருப்பிவிட்டால் அது துவக்கைப் பின்னால் தள்ளுவது நின்றுவிடும்; தடுப்புச் சுவர்களில் மோதும்போது துவக்கை முன்னோக்கி இழுக்கவும் செய்யும். மேற்பக்கத்திலும் சில சிறு துளைகள் இருந்தால், மேலே கிளம்பும் வாயு குழல்வாயைக் கீழே அமுக்கும். சன்னம் சிறியதாகவும் மருந்து அதிகமாகவும் இருக்கும் தோட்டாக்களில்தான் இந்தக் கருவி நன்றாக வேலை செய்யும் என்பதும் இதிலிருந்து விளங்கும். அப்பாவின் 12 போர் துவக்கில் வாயுவின் பங்கு மிகச் சிறியது. அதன் வாயில் எவ்வளவு விலையுயர்ந்த பிரேக்கைப் பூட்டினாலும் தோள் கன்றத்தான் செய்யும். .223இல் நிலைமை வேறு. எண்பது தொடக்கம் நூறு டொலர் கொடுத்து வாங்கும் ஒரு பாகம், உதைப்பின் மூலகாரணத்திலேயே கணிசமான ஒரு பகுதியை எடுத்துவிடுகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. ரைபிள் வெடிச் சத்தத்தின் உச்சம் ஏற்கெனவே 160 டெசிபல் அளவில் இருக்கும். ஒரே ஒரு தாக்கத்திலேயே காதைப் பாதிக்கக்கூடிய எல்லை 140. முன்னால் போகவிருந்த வாயுவைப் பக்கமாகத் திருப்பும்போது அந்தச் சத்தமும் பக்கமாக, சுடுபவரின் காதுக்கும் அருகில் நிற்பவரின் காதுக்கும் திரும்புகிறது. கூரையிட்ட சுடுகளங்களில் இது இன்னும் மோசம். காதுக்குள் நுரைப்பஞ்சுச் செருகியும் அதற்குமேல் காதுமூடியும் இரண்டும் சேர்த்து அணிய முடியாதவர் இதை வாங்கக்கூடாது. என் மாணவர்களில் சிலருக்கு ஷெல் வெடித்த சத்தத்தினால் ஒரு காது கேட்காமற் போனதை நான் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். முன் வாங்கில் இருத்தி, கேட்கும் பக்கமாக நின்று படிப்பித்திருக்கிறேன். அதனால் இந்த ஒரு விடயத்தை அவனுக்கு எழுதும்போது மட்டும் என் கடிதம் கண்டிப்பான தொனிக்கு மாறியது.

மற்ற மூன்றும் துவக்கின் உள்ளே வேலை செய்பவை. அவற்றை விளங்கிக்கொள்ள, யூஜின் ஸ்டோனர் 1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்த அமைப்பைச் சற்று நின்று பார்க்கவேண்டும். குழலின் நடுப்பகுதியில் ஒரு சிறு துளை இருக்கிறது. சன்னம் அந்த இடத்தைக் கடந்தவுடன் வாயுவின் ஒரு பகுதி அத்துளை வழியாக ஏறி, மெல்லிய குழாயொன்றினூடாகப் பின்னால் வந்து, போல்ட் கரியர் எனப்படும் 300 கிராமுக்குச் சற்று அதிகமான உருக்குத் துண்டைப் பின்னே தள்ளுகிறது. கரியரின் பின்னால், பிடங்கினுள் இருக்கும் குழாயில், ஒரு ஸ்பிரிங்கும் பஃபர் என்ற எடைத்துண்டும் இருக்கின்றன. ஸ்பிரிங் அமுங்கி, கரியரை நிறுத்தி, மீண்டும் முன்னால் அனுப்புகிறது. குழலும் பிடங்கும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் இருப்பதால், பழைய ரைபிள்களைப் போலக் குழல்வாய் மேலே எகிறுவதும் இதில் குறைவு. அந்த நன்மையை ஸ்டோனர் ஏற்கெனவே செய்து கொடுத்துவிட்டார். அதற்காக நாம் மேலதிகமாக எதுவும் வாங்கத் தேவையில்லை.

இப்போது கவனிக்கவேண்டியது இதுதான்: குழலும் கரியரும் ஸ்பிரிங்கும் ஒரே தொகுதிக்குள் இருப்பவை. தொகுதிக்குள் நடக்கும் தள்ளுதலும் மோதலும் தொகுதியின் மொத்த உந்தத்தை மாற்றாது. எந்த பஃபரைப் போட்டாலும், எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும், சன்னமும் வாயுவும் கொடுத்த அந்த 5.7 நியூட்டன் செக்கன் கடைசியில் தோளுக்கு வந்தே தீரும். அது எப்போது வருகிறது, எத்தனை துண்டுகளாக வருகிறது, எந்தத் துண்டு கூர்மையாக இருக்கிறது என்பவை மட்டுமே மாறும். சுடுபவர் முதலில் ஒரு தள்ளலை உணர்கிறார்; பின்னர் கரியர் பின் எல்லையில் முட்டும்போது ஒரு இடி; கடைசியாக அது முன்னால் வந்து பூட்டும்போது குழல்வாயைச் சற்றுக் கீழே தாழ்த்தும் ஒரு அசைவு. கரியரும் பஃபரும் சேர்ந்து 0.41 கிலோகிராம், அவை செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் போவதாக வைத்துக்கொண்டால் அவற்றின் உந்தம் 2 நியூட்டன் செக்கன். முழு உதைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே அந்த ஓட்டம் மென்மையாக முடிகிறதா, தடார் என்று முடிகிறதா என்பது புள்ளியின் அசைவில் நன்றாகவே தெரியும். விற்பவர்கள் 'உதைப்பு குறையும்' என்று எழுதுவது பௌதிகவியலின்படி சரியில்லை. 'உதைப்பு பரவலாகும்' என்று எழுதினால் நான் ஒத்துக்கொள்வேன்.

அந்த ஓட்டம் ஏன் தடார் என்று முடிகிறது? தொழிற்சாலைகள் வாயுத் துளையைச் சற்றுப் பெரிதாகவே துளைத்து அனுப்புகின்றன. வாங்குபவர் மலிவான, பலவீனமான தோட்டாவைப் போட்டாலும், எண்ணெய் விடாமல் அழுக்கோடு சுட்டாலும், குளிரில் சுட்டாலும் துவக்கு இயங்கவேண்டும் என்பது அவர்களது கவலை. அது நியாயமான கவலை. ஆனால் சுத்தமாகப் பராமரித்து நல்ல தோட்டா போடுபவரின் துவக்கில் அந்த மேலதிக வாயு முழுவதும் கரியரைத் தேவைக்கு அதிகமான வேகத்தில் பின்னால் எறிகிறது. துளை குழலில் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அறைக்கு அருகில், ஏழு அங்குலத்தில் இருக்கும் 'காபைன்' வகையில் அமுக்கம் மிக அதிகம்; ஒன்பது அங்குலத்தில் இருக்கும் 'மிட்-லெங்த்' வகையில் குறைவு; பன்னிரண்டு அங்குலத்தில் இருக்கும் 'ரைபிள்' வகையில் இன்னும் குறைவு. மருமகனுடையது காபைன் வகை. மிட்-லெங்த் குழலோடு வந்த துவக்காக இருந்திருந்தால், இந்தப் பட்டியலில் பாதியை நான் உடனேயே வெட்டியிருப்பேன்.

வாயுவும் பஃபரும் ஒன்றையொன்று பார்த்துத்தான் அமையவேண்டும் என்பதற்கு அமெரிக்க இராணுவமே பெரிய சாட்சி. 1960களின் நடுப்பகுதியில் ஏஆர்-15இன் இராணுவ வடிவமான எம்16 ரைபிளுக்கான தோட்டாவில் மருந்தின் வகையை மாற்றினார்கள். புதிய உருண்டை மருந்து வாயுத் துளையில் அதிக அமுக்கத்தைக் கொடுத்தது. துவக்கின் சுடும் வேகம் கூடியது. வியட்நாமில் துவக்குகள் இறுகி நின்றன. 1967இல் றிச்சர்ட் ஐகோர்ட் தலைமையிலான காங்கிரஸ் உபகுழு இதை விசாரித்தது. எடை கூடிய புதிய பஃபர் அந்தக் காலத்துத் திருத்தங்களில் ஒன்று. அறைக்குக் குரோமியப் பூச்சுப் பூசியது இன்னொன்று. இன்று போட்டியாளர்கள் ஆசைப்பட்டு வாங்கும் பஃபரின் மூதாதை, மருந்துக்கும் இயந்திரத்துக்கும் இடையில் ஏற்பட்ட பொருத்தமின்மையைச் சரிசெய்யப் பிறந்தது. பொருத்தம் ஏற்கெனவே சரியாக இருக்கும் துவக்கில் அதற்குச் செய்வதற்கு அதிகம் இல்லை.

எனவே பட்டியலில் இரண்டாவதான, திருகாணியால் வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் காஸ் புளொக், மூன்றாவதான கனமான பஃபரைவிடச் சரியான இடத்தில் கைவைக்கிறது. கனமான பஃபர், கூடிப்போன தள்ளலை அதன் பின் தாங்கிக்கொள்ளப் பார்க்கிறது. காஸ் புளொக் அந்தத் தள்ளலையே குறைக்கிறது. சாதாரண காபைன் பஃபர் 85 கிராம் அளவில் இருக்கும். 'எச்' என்று அடையாளமிட்டவை 108, 'எச்2' 130க்குச் சற்று மேல், 'எச்3' 155 அளவில். உள்ளே தனித்தனியாக அசையும் உருக்கு, டங்ஸ்டன் துண்டுகள் இருப்பதால், கரியர் முன்னால் வந்து மோதும்போது பின்வாங்கித் துள்ளாமல் அவை பின்தொடர்ந்து வந்து அமர்த்துகின்றன. எடை கூடினால் அதே தள்ளலுக்கு வேகம் குறைகிறது; பின் எல்லையில் இடி மென்மையாகிறது. ஆனால் அந்தக் கனமான பொருள் திரும்பி முன்னால் வரும்போது குழல்வாயை ஆழமாகத் தாழ்த்தக்கூடும். இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் அது இன்னும் கூடும். பின்னே மிச்சம் பிடித்ததை முன்னே கட்டவேண்டியிருக்கிறது. இதனால்தான் போட்டிக்காரர்கள் பலர் எதிர்த்திசையில் போய், கரியரையும் பஃபரையும் இலேசாக்கி, வாயுவை மிகக் குறைத்து, அசையும் திணிவையே சிறிதாக்குகிறார்கள். அந்த வழியில் புள்ளி மிகக் குறைவாகத்தான் அசையும். ஆனால் இயந்திரத்துக்கு மிச்சமிருக்கும் பலமும் குறைந்துவிடும். ஒரு சிறிது அழுக்கு, ஒரு பலவீனமான தோட்டா போதும், போட்டியின் நடுவில் அது நின்றுவிட.

வாயு உண்மையிலேயே மிகையா என்பதைக் காசு செலவழிக்காமலே அறியலாம். வெற்றுக் கோது எந்தத் திசையில் விழுகிறது என்று பார்க்கவேண்டும். துவக்கின் முன்பக்கத்தை மணிக்கூட்டின் பன்னிரண்டு என்று கொண்டால், மூன்று மணிக்கும் நான்கரைக்கும் இடையில் கோதுகள் ஒரு குவியலாக விழுவது நல்ல அடையாளம். ஒன்று, இரண்டு மணித் திசையில் முன்னோக்கித் தெறித்துச் சிதறினால் கரியர் மிக வேகமாக ஓடுகிறது என்று கொள்ளலாம். மருமகன் அனுப்பிய காணொளியில் கோதுகள் முன்பக்கமாகத் தெறித்து, பக்கத்துத் தடுப்புப் பலகையிலும் பட்டன. ஆகவே அவனுக்குக் காஸ் புளொக் பொருத்தமான மருந்துதான் என்று தோன்றுகிறது. வாங்கிப் பூட்டினால் அதைச் சரிசெய்யும் முறை எளிது. மகசினில் ஒரேயொரு தோட்டாவை இட்டுச் சுடவேண்டும். வெடி தீர்ந்தபின் கரியர் பின்னால் பூட்டி நின்றால் வாயு போதுமானது. வாயுவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய், பூட்டாமல் விடும் நிலையை அடைந்தபின், அங்கிருந்து ஓரிரு படிகள் கூட்டிவிடவேண்டும். நான் அவனிடம் வற்புறுத்தியது, அந்த மேலதிகப் படிகளில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பதுதான். மருந்து எரியும் விதம் வெப்பநிலையோடு மாறும். ஓகஸ்ட் மாத ஹியூஸ்டன் வெயிலில் நுணுக்கமாகச் சரிசெய்த துவக்கு, ஜனவரியில் ஒரு குளிர் காலையில் அரைகுறையாக இயங்கலாம். போட்டியில் ஒருமுறை இறுகி நின்றால் இழக்கும் செக்கன்களை, புள்ளி சற்று விரைவாகத் திரும்புவதனால் மிச்சம்பிடிக்கும் செக்கனின் சிறு பின்னங்கள் ஒரு நாளும் ஈடுசெய்யா.

டெக்சாஸில் முறைப்படி அனுமதி பெற்றுச் சத்தமடக்கி பூட்டுபவர்களுக்கு இந்தக் காஸ் புளொக் இன்னும் பெறுமதியானது. சத்தமடக்கி வாயுவைக் குழலுக்குள் அதிக நேரம் தேக்கி வைப்பதால் கரியர் மேலும் வேகமாக ஓடும். மருமகனிடம் அது இல்லை.

நான்காவது பொருள் நீரியல் பஃபர். உள்ளே எண்ணெய் இருக்கும், மோட்டார் சைக்கிளின் ஷொக் அப்சோபர் போல. பின் எல்லையின் இடியை அது மென்மையாக்கும் என்பது உண்மை. ஆனால் வாயுவைச் சரியாகக் குறைத்துவிட்டால் மென்மையாக்குவதற்கு அங்கே பெரிய இடி இருக்காது. நூறு டொலர் அளவான விலை, காலப்போக்கில் கசியக்கூடிய சீல்கள். இதை வேண்டாம் என்று எழுதினேன்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கி ஒரேயடியாகப் பூட்டவேண்டாம் என்பதையும் அழுத்தமாக எழுதினேன். செய்முறைப் பரீட்சைக்கு மாணவர்களைத் தயார்படுத்தும்போது நான் ஓயாமல் சொல்லும் விடயம், ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றவேண்டும் என்பது. நான்கையும் சேர்த்துப் பூட்டினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது; நானூறு டொலர் கொடுத்தவரின் மனம் முன்னேற்றத்தைத் தானாகவே கற்பனை செய்துகொள்ளும். அதற்குப் பதிலாகத் தொலைபேசியின் மெதுவோட்டக் காணொளியைப் பயன்படுத்தலாம். செக்கனுக்கு 240 படங்கள் எடுக்கும் தொலைபேசியில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலான நேரம் ஏறத்தாழ 4 மில்லிசெக்கன். பக்கவாட்டில் நிறுத்தி, பின்னால் அளவுகோடுகள் கீறிய பலகையொன்றை வைத்தால், குழல்வாய் எவ்வளவு உயர்கிறது, எவ்வளவு தாழ்கிறது, எத்தனை படங்களின் பின் பழைய இடத்துக்கு வருகிறது என்பவற்றை எண்ணியே பார்க்கலாம். அதோடு போட்டிகளில் பாவிக்கும் நேரக்கணிப்பானால் இரண்டு வெடிகளுக்கு இடையிலான நேரத்தையும், இலக்கில் விழுந்த துளைகளுக்கு இடையிலான தூரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும். நேரம் குறைந்து துளைகள் சிதறினால் அது முன்னேற்றம் ஆகாது.

பஃபரைப் பொறுத்தவரை இன்னும் ஒரு படி மேலே போகலாம். நண்பர் ஒருவரிடம் இரண்டு பஃபர்களைக் கொடுத்து, எது உள்ளே இருக்கிறது என்று சுடுபவருக்குச் சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லலாம். சுட்டபின் எது எந்த பஃபர் என்று சரியாகச் சொல்ல முடியாவிட்டால், அந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுப்பதில் பயனில்லை.

இந்தச் சோதனைகளையெல்லாம் தொடங்குமுன் அவன் நிற்கும் விதத்தையும் அதே தொலைபேசியில் எடுத்து அனுப்பச் சொன்னேன். இயந்திரத்தைத் திருத்துவதைவிட இதற்கு நான் கூடிய முக்கியத்துவம் கொடுக்கிறேன். பின்னுதைப்பு உடலின் திணிவோடு சேர்ந்துதான் முடிகிறது. நிமிர்ந்து, பின்பக்கமாகச் சாய்ந்து நிற்பவரின் தோள் ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் திரும்பும்; குழல்வாயும் அதனோடு சேர்ந்து பக்கமாகவும் மேலேயும் போகும். கால்களை அகட்டி, முழங்காலைச் சற்று மடித்து, உடல் பாரத்தை முன்னங்கால் விரல்களின் பக்கம் கொடுத்து, பிடங்கைத் தோளின் வெளியோரத்தில் அல்லாமல் காறை எலும்புக்கு அண்மையில் பதித்து, முன்கையைக் குழலின் நீளத்தில் எட்டிப் பிடித்தால், உதைப்பின் கோடு உடலின் நடுவை நெருங்கி வருகிறது, திருப்பம் குறைகிறது, புள்ளி நேராகப் போய் நேராகத் திரும்புகிறது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. அவன் அனுப்பிய காணொளியில் இடது தோள் பின்வாங்குவது எனக்கே தெரிந்தது.

தோட்டாவின் விலையும் இந்தக் கணக்கில் சேரவேண்டும். அங்கே .223 தோட்டா ஒன்று அரை டொலர் அளவில் கிடைக்கிறது. பட்டியலில் உள்ள நானூறு டொலருக்கு எண்ணூறு தோட்டாக்கள் வாங்கலாம். திட்டமிட்டு, காணொளியும் நேரமும் குறித்துக்கொண்டு சுடும் எண்ணூறு தோட்டாக்கள் ஒரு நடுத்தரப் போட்டியாளருக்குக் கொடுக்கும் முன்னேற்றத்தை, கனமான பஃபரும் நீரியல் பஃபரும் சேர்ந்தும் கொடுக்காது என்பது என் உறுதியான கருத்து. மசில் பிரேக்கை மட்டும் இந்த ஒப்பீட்டில் நான் தனியாக வைக்கிறேன். பயிற்சி கொடுக்க முடியாத ஒன்றை அது கொடுக்கிறது.

சட்டத்தையும் விட்டுவிட முடியாது. டெக்சாஸில் மசில் பிரேக்குக்குத் தடை இல்லை. ஆனால் நியூயோர்க் மாநிலத்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டம், அரைத் தானியங்கி ரைபிளில் மசில் பிரேக் இருப்பதையே கட்டுப்பாட்டுக்கு உரிய அம்சங்களில் ஒன்றாகக் கணக்கெடுக்கிறது. மருமகனின் நிறுவனத்துக்கு அங்கேயும் கிளை இருப்பதால் இதை அவன் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். போட்டிகளிலும் சில பிரிவுகள் பிரேக்கின் அளவை மட்டுப்படுத்துகின்றன. தான் பதியும் பிரிவின் விதிகளை வாசித்தபின் வாங்குமாறும் எழுதினேன்.

ஆக, நான் அவனுக்குக் கொடுத்த ஒழுங்கு இது. காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு ஏற்கெனவே இருப்பதாக அவன் சொன்னதால், பிரேக்கை இப்போதே வாங்கலாம். அதைப் பூட்டி, நிற்கும் விதத்தைத் திருத்தி, ஒரே வகைத் தோட்டாவில் சில வாரங்கள் பயிற்சி செய்து, கோது விழும் திசையை மீண்டும் பார்க்கவேண்டும். அப்போதும் கோதுகள் ஒரு மணித் திசையில் தெறித்தால் காஸ் புளொக்கையும் வாங்கலாம். அதைச் சரிசெய்யும் வேலையைக் குளிர்காலத்தில் செய்வது நல்லது, ஏனெனில் குளிரில் இயங்கும் அளவுக்கு வைத்தது வெயிலிலும் இயங்கும். பஃபர் வேண்டுமானால் நண்பரிடம் ஒன்றை இரவல் வாங்கி, மேலே சொன்ன மறைசோதனையைச் செய்து பார்க்கட்டும். மிச்சக் காசு முழுவதும் தோட்டாவுக்கு.

அவன் பிரேக்குக்கு மட்டும் கட்டளை கொடுத்துவிட்டதாகப் பதில் எழுதியிருக்கிறான். காஸ் புளொக்கைப் பற்றிய முடிவைப் பிற்போட்டிருக்கிறான். ஆனால் நீரியல் பஃபரைப் பற்றி இன்னும் முழுதாக மனம் மாறவில்லை என்பது அவனது எழுத்திலிருந்து தெரிகிறது. அடுத்ததாக, பிரேக் பூட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு மெதுவோட்டக் காணொளிகளை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்தால், படங்களை எண்ணி, மேலே நான் போட்ட 40 வீதக் கணக்கு எவ்வளவு தூரம் சரிவருகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.